ஒரு கிளைக்கான மனு

ஆடி பிறந்து நாலாம் நாள். கே.கே. நகரில் சுப்பராமன் வீட்டு வாசலில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தடியில் முத்துமீனா கேப்பைக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே காற்று மண்ணை வாரி அடித்தது. கூழ்ப் பானையை ஈரத்துணி போட்டு மூடி, துணி பறக்காமலிருக்க நாலு மூலையிலும் சொம்பு வைத்திருந்தாள். மதியம் ஒன்றரை மணிக்கு வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் மோர் மிளகாயைக் கடித்தபடி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைக்கு மேலே வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். குடித்தவர்கள் சொம்போடு ரோட்டுக்கு ஓடினார்கள். முத்துமீனா ஓடவில்லை. அண்ணாந்து பார்த்தாள். ரோட்டுப் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளை கவட்டையில் பிளந்து, உள்ளே வெள்ளையாகச் சதை தெரிய, ஒரு சாண் கீழே இறங்கி நின்றது. விழவில்லை.

புருசனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, கொப்பு பொளந்துருச்சு. வெரசா வாங்க."

சிவனாண்டிக்கு மரம் வெட்டுவதுதான் தொழில். அவனியாபுரத்திலிருந்து டி.வி.எஸ்.ஸில் வந்து இறங்கியவன், வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்து மேலே பார்த்தான். கிளையின் கனம், சாய்வு, பிளவின் ஆழம் எல்லாம் ஒரு பார்வையில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. நடு மரத்தில் வடத்தைப் போட்டுக் கிளையை இழுத்துக் கட்டி, அடியில் ஒரு வெட்டு, மேலே ஒரு வெட்டு என்று துண்டு துண்டாக இறக்கினால் ஒரு மணி நேர வேலை. கீழே ஒரு சொம்பு நசுங்காமல் இறக்கிவிடுவான்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னங்க பாத்துக்கிட்டே நிக்கிறீக? ஏறுங்க."

"பேப்பர் வேணும் முத்து."

"கொப்பு தலையில விழப்போகுது. பேப்பர் எதுக்கு?"

"உனக்குத் தெரியாதா எதுக்குன்னு?"

அவளுக்குத் தெரியும். போன வருசம் ஒரு கடைக்காரர், பெர்மிஷனெல்லாம் வாங்கியாச்சு என்று சொல்லி, கடை வாசலை மறைத்து நின்ற இரண்டு புங்க மரத்தையும் இவனை வைத்து வெட்டச் சொன்னார். இவனும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை. இரண்டாவது மரம் சாய்ந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார். சிவனாண்டி ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். அன்றைக்குப் பிடித்த ரம்ப மெஷின் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வாய்தா வாய்தாவாக வழக்கு ஓடுகிறது. இதில் அவனுக்கு யார் மேலும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. அந்தப் புங்க மரங்களில் ஒரு பழுதும் இல்லை. வெட்டும்போதே அது அவன் கைக்குத் தெரிந்தது. சட்டம் வந்து கேட்டது சரிதான் என்றே நினைத்தான். அதற்குப் பிறகு ஒரு முருங்கையைக் கழிக்கக் கூப்பிட்டாலும் "பேப்பர் இருக்கா?" என்று கேட்கிற ஆளாகிவிட்டான்.

அதனால் இப்போது அவன் செய்ததெல்லாம் ஒன்றுதான். மரத்தில் ஏறி, பிளந்த கிளையை வடம் போட்டு நடு மரத்தோடு இறுக்கிக் கட்டினான். கட்டுவதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. முடிச்சை இறுக்கும்போதுகூட ரோட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

முத்துமீனா வண்டியை இருபது அடி தள்ளி வெயிலில் போட்டாள்.

•

வீட்டுக்காரர் சுப்பராமன் இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்து வேலை என்றால் அவருக்கு உற்சாகம். அன்றைக்கே வெள்ளைத்தாளில், ஆபத்தான நிலையில் உள்ள கிளை ஒன்றை மட்டும் நீக்க அனுமதி வேண்டி என்று எழுதி, 'மட்டும்' என்பதற்கு அடியில் கோடு போட்டார். மறுநாள் சிவனாண்டியையும் கூட்டிக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனார்.

"நீயும் வாப்பா. மரத்தைப் பத்திக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

கவுண்டரில் இருந்த அம்மா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "மரம் யாரோடது?"

"எங்காத்து வாசல்ல நிக்கறது."

"அது சரி சார். யாரோடது? காம்பவுண்டுக்கு உள்ளயா, வெளியவா?"

சுப்பராமன் சிவனாண்டியைப் பார்த்தார்.

"அடிமரம் வெளிய இருக்கும்மா," என்றான் சிவனாண்டி. "வேரு சுவத்துக்கு அடியில உள்ள போயிருச்சு. பொளந்த கொப்பு ரோட்டுப் பக்கம். அதுல ஒரு வாது கரண்டு கம்பிகிட்டப் போகுது."

"கரண்டு கம்பியா? அப்ப அவங்ககிட்டக் கேளுங்க."

மின்வாரியத்துக்குப் போனார்கள். கம்பியில் உரசுகிற நுனியை மட்டும்தான் தாங்கள் கழிக்க முடியும், பெரிய கிளைக்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். இன்னொரு ஆபீசில், இந்த ரோடு தங்கள் கணக்கில் வரவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் மறுபடி முதல் கவுண்டருக்கே வந்து நின்றார்கள். வெளியே காற்றில் ஆபீஸ் வேப்ப மரம் பேயாட்டம் ஆடியது. சிவனாண்டி அதன் கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். தெற்குப் பக்கத்தில் ஒன்று பட்டுப் போயிருந்தது. சொல்லலாமா என்று நினைத்து, சொன்னால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டான்.

"கிளைன்னு தனியா மனுப் பாரம் இல்ல சார்," என்றார் அந்த அம்மா. கெட்ட மனுசி இல்லை. அவரும் மூன்று நாளாக யாரிடமோ கேட்டுப் பார்த்திருந்தார். "மரம் அகற்றக் கோரும் பாரம்தான் இருக்கு. அதுல எழுதி, குறிப்புங்கிற எடத்துல கிளை மட்டும்னு போட்டுருங்க. நேர்ல வந்து பாக்குறவங்களுக்குப் புரிஞ்சுரும்."

சுப்பராமன் அப்படியே எழுதி, வெட்டும் ஆள் என்ற இடத்தில் சிவனாண்டியின் பேரையும் போட்டார்.

நேரில் எப்போது வந்து பார்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முத்துமீனா காலை எட்டு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த இடத்திலேயே இருக்கிறவள். அவள் கண்ணில் யாரும் படவில்லை. வெயிலில் நின்று குடிக்க ஆட்கள் யோசித்தார்கள். பதினொரு மணிக்கே கூழ் புளித்துப் பொங்கியது. வெங்காயம் வாடியது. ஒருநாள் அரைப் பானைக் கூழைத் திருப்பிக் கொண்டுவந்து மாட்டுக்கு ஊற்றினாள்.

•

இருபத்திரண்டு நாள் கழித்துப் பேப்பர் வந்தது. சுப்பராமன் போன் செய்தார். சிவனாண்டி போனபோது அவருடைய மகன் ஸ்ரீராம்குமார் கேட்டைத் திறந்து சிரித்த முகமாக நின்றான். வெளியே புதுக் கார் நின்றது. மரத்தின் தூர் இடிப்பதால் அந்தக் கார் இன்னும் ஒருநாள்கூட வீட்டுக்குள் ஏறியதில்லை.

"வாங்க. அப்பா ஒண்ணு கேட்டார், அவங்க மொத்தத்தையும் கொடுத்துட்டாங்க," என்றான்.

சுப்பராமன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். மேற்படி மரத்தை முழுவதுமாக அகற்ற அனுமதி வழங்கப்படுகிறது. உத்தரவு தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் அகற்ற வேண்டும்; அதில் பன்னிரண்டு நாள் ஏற்கெனவே கழிந்திருந்தது. ஈடாகப் பத்து மரக்கன்றுகள் நட வேண்டும்.

"கிளைன்னு எங்கயும் இல்லியா சார்?"

"இல்லையேப்பா. நானும் மூணு தடவை படிச்சுட்டேன்."

சிவனாண்டி பேப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தான். முத்திரை இருந்தது. பச்சை மையில் கையெழுத்து இருந்தது. தெரு, கதவு எண், மரத்தின் பெயர், எல்லாம் சரியாக இருந்தது. ஒரு வருசமாக அவன் எந்தப் பேப்பருக்காகக் காத்திருந்தானோ அதைவிடப் பெரிய பேப்பர் இது. அதைப் பிடித்திருந்த கைதான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

"எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டான் ஸ்ரீராம்குமார். "முழு வேலையும் உங்களுக்குத்தான். விறகும் நீங்களே எடுத்துக்கலாம்."

"ரெண்டு நாள் குடுங்க சார். சொல்றேன்."

சாயங்காலம் வீட்டில் முத்துமீனா மறுநாளைக்கு மாவு கிண்டிக்கொண்டிருந்தாள். கேப்பை மாவு கட்டி தட்டாமலிருக்க இரண்டு கையாலும் துடுப்பைச் சுற்ற வேண்டும். அவள் தம்பி வெள்ளைத்துரை வாசற்படியில் உட்கார்ந்து ரம்பத்தின் செயினுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். சிவனாண்டி மெஷினைப் பறிகொடுத்ததிலிருந்து மைத்துனனின் மெஷினில்தான் வேலை நடக்கிறது.

"அப்ப நீங்கதேன் வெட்டப்போறீக," என்றாள் முத்துமீனா, துடுப்பை நிறுத்தாமல்.

"நான் இல்லாட்டி வேற ஆளு வெட்டுவான்."

"நான் அத கேக்கல. நீங்க வெட்டப்போறீகளான்னு கேட்டேன்."

"பேப்பர் இருக்கு முத்து. சட்டப்படி இருக்கு."

"அன்னைக்குக் கொப்ப வெட்டுங்கன்னேன். பேப்பர் இல்ல, சட்டம் இல்லன்னீக. சரி, ஒத்துக்கிட்டேன். மூணு வாரமா வெயில்ல காஞ்சு கருவாடாப் போனேன். இப்ப மரத்தையே வெட்டலாம்னு சட்டம் சொல்லுதாக்கும். அந்தச் சட்டத்துக்கு என்னதேன் வேணுமாம்? மரம் இருக்கணுமா, வேணாமா?"

"அதுதான் எனக்கும் வெளங்கல."

"மச்சான், ஒண்ணு செய்வோம்," என்றான் வெள்ளைத்துரை. "மொத்த மரத்துக்குப் பெர்மிஷன் இருக்குல்ல? அதுக்குள்ளதான கொப்பும் இருக்கு? கொப்ப மட்டும் எடுத்துட்டு எறங்கிருவோம்."

"அப்படிச் செஞ்சா பேப்பர மீறுனதா ஆகுமா மாப்ள?"

"கம்மியா வெட்டுனா எப்படி மீறுனதாகும்?"

"எனக்கென்ன தெரியும்? போன தடவையும் நமக்குத் தெரிஞ்ச மாதிரிதேன் இருந்துச்சு."

முத்துமீனா துடுப்பை எடுத்து வைத்துவிட்டு மாவைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. "போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள். "வாய் இருக்குல்ல?"

•

கவுண்டர் அம்மா அவனை அடையாளம் கண்டுகொண்டார். "வந்துருச்சுல்ல? சந்தோசந்தானே?"

"அம்மா, ஒரு சந்தேகம். இந்தப் பேப்பர வச்சுக்கிட்டு அந்த ஒரு கொப்ப மட்டும் எடுக்கலாமா?"

சுப்பராமனிடம் கேட்டு வாங்கி வந்த பேப்பரை அவர் படித்தார். "இது மரத்த அகற்ற. கிளை எடுக்குறது கவாத்து. அது வேற."

"அப்ப அதுக்கு?"

"தனி மனு போடணும்."

"பாரம் இல்லன்னீகளே."

"ஆமா, இல்ல."

அவர் பேப்பரை அவன் பக்கம் தள்ளி வைத்தார். மேலே மின்விசிறி கடகடத்தது.

"ஒரு மரத்தையே வெட்டிச் சாய்க்கலாம். அதுல ஒரு கொப்ப வெட்டக் கூடாதாம்மா?"

"கூடாதுன்னு நான் சொல்லலையே." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "கூடும்னும் என்னால எழுதித் தர முடியாது. நீங்க கேக்குறது நியாயமாத்தான் இருக்கு. ஆனா இப்படி யாரும் வந்து கேட்டதில்லைண்ணே. பெர்மிஷன் கிடைச்சா வெட்டிருவாங்க."

வெளியே வந்தபோது தெற்கிலிருந்து மேகம் திரண்டிருந்தது. மழை வரவில்லை, காற்றுதான் வந்தது. நடந்துபோனவர்களின் வேட்டி காலைச் சுற்றியது. சிவனாண்டிக்கு வடத்தின் நினைப்பு வந்தது. மூன்று வாரக் காற்றில் முடிச்சு எவ்வளவு தாங்கும்? வண்டியைக் கே.கே. நகருக்குத் திருப்பினான். கிளை இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தது. அதற்கு நேர் கீழே ஒருத்தி ஸ்கூட்டரை நிறுத்திப் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, அங்கிட்டு நில்லுங்க, அங்கிட்டு!" என்று கத்தினான். அவள் திரும்பி முறைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

அங்கேயே நின்று வெள்ளைத்துரைக்குப் போன் போட்டான். "மாப்ள, மெஷின எடுத்துக்கிட்டு வா. இப்பவே."

•

முதலில் புது வடம் ஒன்றை மேல் கவட்டையில் போட்டு, அதன் ஒரு முனையைக் கிளையின் நடுவில் கட்டினான். மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வெள்ளைத்துரை பிடித்துக்கொண்டான். பிளந்த இடத்தில் முசுறு எறும்பு சாரை சாரையாக ஏறி இவன் கழுத்தில் கடித்தது. தட்டிவிட ஒரு கை மிச்சமில்லை. முதலில் நுனி வாதுகளை அரிவாளால் கழித்தான். பிறகு மெஷினை இழுத்துக் கிளப்பினான்.

அடியில் ஒரு வெட்டு. பட்டை உரிந்து அடிமரம்வரை கிழிந்துவிடாமல் இருக்க அதுதான் காவல். பிறகு மேலிருந்து. மரத்தூள் வியர்வையில் ஒட்டியது. பச்சை மரத்தின் புளித்த வாசம் தெரு முழுக்க அடித்தது.

"விடு மாப்ள... மெள்ள... மெள்ள... பிடி!"

கிளை ஒரு முறை சுழன்று, காற்றில் தயங்கி, தொட்டிலை இறக்குவது போல ரோட்டில் வந்து படுத்தது. தூரத்தில் வெயிலில் நின்ற முத்துமீனா அப்போதுதான் மூச்சை விட்டாள்.

சிவனாண்டி வெட்டுவாயைச் சீவிச் சுத்தம் செய்தான். இறங்கும்போது அடிமரத்தை ஐந்தாறு இடத்தில் அரிவாள் பின்புறத்தால் தட்டிப் பார்த்தான். எங்கும் பொக்கைச் சத்தம் இல்லை. கல்லில் தட்டுவது போலக் கெட்டியாகக் கேட்டது.

ஸ்ரீராம்குமார் கேட்டருகே நின்றிருந்தான். "சூப்பர். அடுத்து எந்தப் பக்கம்?"

"இம்புட்டுத்தேன் சார்."

"என்னது?"

"கொப்ப எடுத்தாச்சு. மரத்துல ஒண்ணும் இல்ல சார். தட்டிப் பாத்துட்டேன். இன்னும் அம்பது வருசம் நிக்கும்."

"நிக்குமான்னு நான் கேக்கலையே. பெர்மிஷன் மரத்துக்கு. இப்ப நீங்க பண்ணினதுதான் பெர்மிஷன் இல்லாத வேலை, தெரியுமா?"

அது சிவனாண்டிக்குச் சுருக்கென்றது. அது உண்மையாகக்கூட இருக்கலாம். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

"தெரியல சார். இருக்கலாம். ஆனா இத நான் வெட்ட மாட்டேன். வேற ஆளு பாத்துக்கங்க."

"பாக்கறேன். இன்னும் பதினாறு நாள் இருக்கு."

சுப்பராமன் வாசலில் வந்து நின்றார். கீழே கிடந்த கிளையைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

மறுநாள் முத்துமீனா வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளி வந்தாள். ஒவ்வொரு நாளும் வரும்போது தெரு முனையிலேயே நிமிர்ந்து பார்ப்பாள், பச்சை தெரிகிறதா என்று. ஐந்தாம் நாள் ஸ்ரீராம்குமார் வேறு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மரத்தைக் காட்டினான். அந்த ஆள் இவளிடமே ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, "பேப்பர மட்டும் கையில குடுங்க சார், நாளைக்கு ராத்திரிக்குள்ள முடிச்சுருவோம்," என்றான்.

பேப்பர் கிடைக்கவில்லை. சிவனாண்டி திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து அது சுப்பராமனின் பீரோவில் இருந்தது. பீரோ சாவி சுப்பராமன் இடுப்பில் இருந்தது. சுப்பராமன் அன்று காலை முதல் பஸ்ஸிலேயே சோழவந்தானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். போன் அடித்தால் எடுத்து, "நாளைக்கு வந்துடறேண்டா," என்பார். நாளைக்கு வரமாட்டார். அனுமதி முடிந்த மறுநாள் காலை, இரண்டு கட்டு வெற்றிலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு கட்டை முத்துமீனாவிடம் கொடுத்தார்.

•

ஐப்பசி முதல் வாரத்தில், மழை விட்டு வெறித்த ஒரு காலையில், மனு கொடுத்த ஆபீசிலிருந்து பவதாரிணி என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டேப்லெட். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். கதவு எண்ணைப் பார்த்தாள், டேப்லெட்டைப் பார்த்தாள், மறுபடி கதவு எண்ணைப் பார்த்தாள். சுப்பராமன் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வண்டியில் கூழ் குடித்துக்கொண்டிருந்த சிவனாண்டியிடம் வந்தாள்.

"அண்ணே, இங்க ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சுல்ல? அது இருந்த எடம் எது?"

சிவனாண்டி சொம்பைக் கீழே வைத்தான். முத்துமீனா மேலே கையைக் காட்டினாள்.

பவதாரிணி அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இலையிலிருந்து ஒரு சொட்டு அவள் கண்ணாடியில் விழுந்தது. "இது வேற மரமா?"

"இந்தத் தெருவுல இது ஒண்ணுதேன்," என்றான் சிவனாண்டி.

"இல்லண்ணே, சிஸ்டத்துல இது அகற்றப்பட்டதுன்னு இருக்கு. முப்பது நாள் முடிஞ்சதும் மூடிட்டாங்க. நான் பத்துக் கன்னு நட்டாச்சான்னு பாக்க வந்தேன்." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "அகற்றியவர் சிவனாண்டின்னு போட்டுருக்கு."

"நாந்தேன் அது."

"நீங்களா வெட்டினீங்க?"

"நான் வெட்டலம்மா."

வெட்டாத மரத்துக்கு வெட்டியவனாக எழுதியிருக்கிறார்கள். இதற்கும் வழக்கு உண்டா? உண்டென்றால் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

அவள் ஆபீசுக்குப் போன் செய்தாள். "சார், மரம் இருக்கு... இல்ல சார், அடிக்கட்டை இல்ல, முழு மரம்... அடியிலதான் நிக்கிறேன்." போனை வைத்துவிட்டு உதட்டைக் கடித்தாள். "காலி எடத்த ஒரு போட்டோ எடுத்துப் போட்டுட்டு வரச் சொல்றாங்க. அப்பத்தான் சிஸ்டத்துல இந்தப் பக்கத்த மூட முடியுமாம்."

"காலி எடம் எங்கம்மா இருக்கு?"

"அதான் தெரியல."

முத்துமீனா அவளுக்கு ஒரு சொம்பு கூழ் கரைத்துக் கொடுத்தாள். அவள் சுவரோரமாக உட்கார்ந்து சுண்டவத்தலோடு குடித்தாள். குடித்து முடித்ததும் டேப்லெட்டை உறையில் போட்டு மூடிவிட்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். வண்டிப் பலகையின்மேல் வைத்து எழுதினாள். நேரில் ஆய்வு செய்ததில் மேற்படி மரம் நல்ல நிலையில் உயிருடன் உள்ளது.

"சாட்சி ஒண்ணு வேணும்ணே. நீங்க போடுறீங்களா?"

"இதப் போட்டா மரத்துக்கு நல்லதாம்மா, கெட்டதா?"

"எனக்கும் தெரியலண்ணே. இருக்குன்னு எழுதுனா மறுபடி பெர்மிஷன் கேட்டு யாராவது வரலாம். இல்லன்னு விட்டா, நாளைக்கு எவனாவது சும்மாவே வெட்டிட்டுப் போனாலும் கேக்க முடியாது. இல்லாத மரத்த வெட்டுனான்னு எப்படிக் கேஸ் போடுறது?"

சிவனாண்டி தாளை எடுத்து எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தான். ஒருதரம் மரத்தைப் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கி, ஊர்ப் பேர், தகப்பன் பேரோடு சேர்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

ஸ்கூட்டர் தெரு முனை திரும்பியதும் முத்துமீனா கேட்டாள். "எதுலங்க கையெழுத்துப் போட்டீக?"

"மரம் இருக்குன்னு."

"அதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்றாள் அவள், அடுத்தவருக்குச் சொம்பைக் கழுவிக்கொண்டே. "அதான் இருக்குல்ல."